நூறில் பதினொரு பங்கு

சங்கரன்கோவில்
14.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்திலும் இனி எழுதப்போகும் கடிதங்களிலும் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். எனக்குப் பாதகமாக இருந்தாலும் மறைக்க மாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு என்னால் மாற முடியாது.

நானும் அம்மாவும் சுகம். போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து வந்தபோது அப்பா கொஞ்சம் இளைத்திருந்தார். இந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். உன் நர்சிங் ஹாஸ்டலில் சாப்பாடு வாய்க்கு விளங்குகிறதா? நின்று நின்று வந்த கால்வலி குறைந்ததா? ஞாயிற்றுக்கிழமை நீ பேசுகிற அரை மணி நேரமும் அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். உன்னிடம் தனியாகச் சொல்ல எனக்குத் தபால்பெட்டிதான் வழி.

நேற்று சண்முகையா அண்ணாச்சி நம் பட்டறைக்கு வந்தார். பழைய மெஷின் வாங்கி விற்பாரே, அவர்தான். கம்பி கடையும் லேத்தைச் சுற்றி வந்தார், தட்டிப் பார்த்தார், தை பிறந்ததும் வண்டி கொண்டுவந்து ஏற்றிக்கொள்வதாக அம்மாவிடம் சொன்னார். அம்மா தலையை ஆட்டினாள். போகும்போது அப்பா பேரைச் சொல்லி, "நல்ல மெஷினுதான். ராசியில்லாமப் போச்சு. இதுல வெள்ளத்துரை கடைஞ்ச ஒரு ஷாப்டாவது நேரா வந்திருக்கா?" என்றார்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. ஆறு வருடம் முன்பு அப்பா இதை இரண்டாம் கையாக வாங்கி வந்த நாளிலிருந்து, இதில் கடைகிற கம்பியின் ஒரு முனை தடித்தும் மறுமுனை மெலிந்தும்தான் வருகிறது. தறிக்காரர்கள் கொடுத்த ஷாப்டில் ஒரு பக்கம் பேரிங் இறுகும், மறுபக்கம் ஆடும். ஒவ்வொருவராக வராமல் போனார்கள். நான்கு வருடம் பார்த்துவிட்டு அப்பா கோயம்புத்தூரில் இன்னொருவர் பட்டறைக்கு வேலைக்குப் போய்விட்டார். லேத் நேராக வெட்டினால் அப்பா திரும்பி வருவார். விற்றுவிட்டால் எதற்கு வருவார்?

அதனால் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ராசியில்ல அண்ணாச்சி, காரணம். அதை நான் கண்டுபிடிக்கேன்" என்றேன். அவர் அம்மாவைப் பார்த்து, "பிளஸ் ஒன்னுல லேத்தும் சொல்லிக்குடுக்காவளோ?" என்று சிரித்தார்.

அப்பாவுக்குப் போன் செய்தேன். "நானே பாத்து முடியாதது" என்றார். பிறகு, தை வரைக்கும் பார்த்துக்கொள்ளச் சொன்னார். சடையைக் கொண்டையாக முடிய வேண்டும், துப்பட்டா கூடாது, கம்பியைக் கவ்விப் பிடிக்கும் சக்கை இறுக்குகிற சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு சுவிட்ச் போடக் கூடாது. கடைசியாக ஒன்று: தரையில் லேத்தின் கால்களை இறுக்கிய போல்ட்டுகளைத் தொடவே கூடாது. அது அவர் தன் கையால் ஒரு நாள் காலை முழுதும் மட்டம் பார்த்து இறுக்கியதாம்.

வாசலில் நின்று அம்மா, "லைட்ட அமத்திட்டு வா" என்று மூன்றாம் முறை கூப்பிடுகிறாள். நான் அமத்தவில்லை.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
வேல்விழி

நாகர்கோவில்
28.7.2024

அன்புத் தங்கை வேலுவுக்கு,

நான் சுகம். கால்வலி பழகிவிட்டது. சாம்பாரும் பழகிவிட்டது.

வார்டன் உறையைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் உன் கடிதத்தைக் கொடுத்தார். ஒரு பெண்பிள்ளை எழுதிய கடிதத்தில் இத்தனை இரும்பு எதற்கு என்று அவருக்குச் சந்தேகம். என் தங்கை அப்படித்தான் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.

நம் கோயில் ஆடித் தபசுத் திருவிழா அன்று ஊரில் இல்லாமல் போனது எனக்கு இதுதான் முதல் தடவை. இங்கே அன்றைக்கு ஊசி போடும் பரீட்சை. அம்மா என் பெட்டியில் வைத்துவிட்ட கோயில் புற்றுமண் பொட்டலம் அப்படியே இருக்கிறது. காய்ச்சலோ பரீட்சையோ பிரயாணமோ, அம்மாவுக்கு மருந்து அது ஒன்றுதான். நெற்றியில் கொஞ்சம் பூசிக்கொண்டு போனேன். தேறிவிட்டேன்.

சண்முகையா அண்ணாச்சியிடம் வாய் கொடுக்காதே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் நீ கேட்டது சரி என்றே படுகிறது. ஜெயித்துக் காட்டு. விரல் பத்திரம். அப்பாவின் இடது ஆள்காட்டி விரலில் பாதி, முந்தின பட்டறையில் போனதை மறந்துவிடாதே.

அம்மாவைக் கவனித்துக்கொள்.
உன் அக்கா,
முத்துமாரி

சங்கரன்கோவில்
18.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். அம்மாவுக்குப் பூ மார்க்கெட்டில் இப்போது முகூர்த்த நாள் வேலை. விடியுமுன்பே போய்விட்டுப் பதினோரு மணிக்கு வருகிறாள். கை முழுக்கப் பிச்சிப்பூ வாசனை.

நூலகத்தில் ஐ.டி.ஐ. மாணவர்களுக்கான கடைசல் புத்தகம் ஒன்று கிடைத்தது. எனக்கு முன் அதைக் கடைசியாக எடுத்தவர் பதினோரு வருடம் முன்பு எடுத்திருக்கிறார். தினமும் இரண்டு பக்கம் படித்துவிட்டு, பட்டறையில் ஒன்று செய்து பார்க்கிறேன்.

முதல் நாள், கம்பியின் முகத்தைச் சீவியபோது நடுவில் கடுகு அளவு ஒரு குமிழ் வெட்டுப்படாமல் நின்றது. வெட்டுகிற டூலின் நுனி நடுமையத்துக்குக் கீழே இருந்தால் அப்படி நிற்குமாம். உடைந்த ரம்ப பிளேடுத் துண்டுகளை டூலுக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து உயர்த்தினேன். மூன்றாவது துண்டில் குமிழ் போய்விட்டது. பிறகு வெட்டும்போது லேத் ஊளையிட்டது. கம்பி மேல் ஓலைப்பாய் மாதிரி வரி விழுந்தது. டூல் அதிகமாக வெளியே நீண்டிருந்ததுதான் காரணம். உள்ளே தள்ளி இறுக்கினேன், ஊளை நின்றது. இரும்புச் சுருள் நீலமாக ஒரே நீளத்தில் இறங்கியதைப் பார்க்க நீ இருந்திருக்க வேண்டும்.

மறைக்க மாட்டேன் என்றேனே, அதையும் எழுதுகிறேன். ஆறாம் நாள் சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டேன். சுவிட்சில் கை வைத்த பிறகுதான் பார்த்தேன். போட்டிருந்தால் அது என் முகத்துக்கு வந்திருக்கும். எனக்கு நானே மூன்று நாள் பட்டறைக்குத் தடை போட்டுக்கொண்டேன்.

இனி முக்கியமானது. பின்முனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்தான் கோணல் என்று அப்பா நினைத்திருந்தார். அதை விலக்கிவிட்டு, ஒரு தடித்த கம்பியைச் சக்கில் மட்டும் பிடித்துக் கடைந்தேன். அப்போதும் கோணல்தான். ஒரு சாண் நீளத்துக்குள் மில்லிமீட்டரில் நூறில் பதினொரு பங்கு வித்தியாசம். ஒரு தலைமுடியின் தடிப்பைவிடச் சற்று அதிகம். அந்த ஒரு முடிதான் அப்பாவைக் கோயம்புத்தூருக்கு அனுப்பியிருக்கிறது.

டெயில்ஸ்டாக் குற்றவாளி இல்லை. இன்னும் மூன்று பேர் பாக்கி. முன்னால் சக்கைத் தாங்கும் தலைப்பகுதி விலகியிருக்கலாம். 'பெட்' என்கிற நீளப் படுகை தேய்ந்திருக்கலாம். அல்லது அந்தப் படுகையே முறுக்கிக்கொண்டிருக்கலாம்.

அம்மா கூப்பிடுகிறாள். லைட் எரிகிறது.

அன்புடன்,
வேல்விழி

நாகர்கோவில்
5.9.2024

அன்புத் தங்கைக்கு,

சுகம். சாவி விஷயத்தைப் படித்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. நீயே தடை போட்டுக்கொண்டாய், நான் என்ன ஏச?

எனக்கு லேத் தெரியாது. ஆனால் இங்கே ஒன்று கற்றுக்கொண்டிருக்கிறேன். காய்ச்சல் எதனால் என்று டாக்டருக்கே பிடிபடாதபோது நாங்கள் செய்வது ஒன்றுதான்: சார்ட் போடுவது. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை சூடு, நாடி, என்ன சாப்பிட்டார், யார் பார்க்க வந்தார்கள், எல்லாம். இது தேவை, இது தேவையில்லை என்று நாமாக முடிவு செய்யக் கூடாது. போன வாரம் ஒரு பாட்டியின் சார்ட்டைப் பார்த்துத்தான் மகன் வந்து போகும் நாளில் மட்டும் அவருக்குச் சூடு ஏறுவது தெரிந்தது. ஓட்டல் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்திருக்கிறான்.

நீயும் லேத்துக்கு ஒரு சார்ட் போடு. தினமும் ஒரே கம்பி, ஒரே வெட்டு, வித்தியாசம் எவ்வளவு என்று. வெயில், மழை, கரண்ட் கட், அம்மா திட்டியது, லைட் அணைத்த நேரம், எல்லாவற்றையும் எழுது. ஒன்றையும் விடாதே.

அன்புடன்,
முத்துமாரி

சங்கரன்கோவில்
13.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் யோசனைக்கு நூறு நன்றி. ஐந்து வாரம் சார்ட் போட்டுவிட்டேன். காலாண்டுப் பரீட்சை நாட்களில்கூட விடவில்லை. (கணக்கில் எண்பத்தொன்பது. அம்மா அதற்கும் லேத்தைத்தான் ஏசினாள்.) உனக்கு இரவு டூட்டி தொடங்கிவிட்டதாகப் போனில் சொன்னாயே, பகலில் தூங்க முடிகிறதா?

முதல் மூன்று வாரமும் பதினொன்று, பதினொன்று, பன்னிரண்டு என்றே வந்தது. பிறகு இரண்டு நாள் மழை பெய்தது. மறுநாள் பதினான்கு, அதற்கு மறுநாள் பதினைந்து. வெயில் அடித்து ஒரு வாரம் ஆனதும் பன்னிரண்டுக்கு இறங்கிவிட்டது. தேய்ந்த இரும்பு மழைக்குக் கூடி வெயிலுக்குக் குறையுமா? குறையாது. தலைப்பகுதி விலகியிருந்தாலும் அது மழையைப் பார்த்தா விலகும்? மழைக்கு மாறுவது தரை. லேத் தரையைத் தொடுவது நான்கு கால்களில் மட்டும். ஒரு கால் உயர்ந்திருந்தால், போல்ட்டை இறுக்கும்போது மேலே படுகை முறுக்கிக்கொள்ளும். புத்தகத்தில் படமே இருக்கிறது.

அப்பாவிடம் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "காலை நான் இறுக்கினது. அதுல ஒரு நூலு பிசகிருக்காது. அதைத் தொடாத" என்றார்.

சார்ட்டில் உள்ள இன்னொன்றையும் எழுதுகிறேன், சம்பந்தம் இருக்கிறதோ இல்லையோ. ஆயுத பூஜை அன்று அம்மா லேத்துக்குச் சந்தனம், குங்குமம் வைத்தாள். சக்குக்கு மாலை போட்டாள். பிறகு பின்னால் போய்க் குனிந்து, சுவரோரம் இருக்கும் பின்காலுக்கு மட்டும் ஒரு முழம் பிச்சிப்பூ வைத்தாள். மற்ற மூன்று கால்களுக்கும் இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, "அங்கனதான் எடம் இருந்துச்சு" என்றாள்.

லேத்தை இறக்கிப் பூட்டிய நாளில் எனக்கு அம்மை போட்டிருந்தது. உள்ளறையில் வேப்பிலைக்குள் கிடந்தேன். நீ எட்டாம் வகுப்பு. நீ பட்டறையில்தான் இருந்தாய். அன்றைக்கு என்ன நடந்தது? அப்பா மட்டம் பார்த்த பிறகு, போல்ட்டை இறுக்குவதற்கு முன், கால்களுக்கு அடியில் ஏதாவது வைத்தார்களா? நினைவுள்ளதை எல்லாம் எழுது.

லைட் அணைத்த நேரம் 7.20.

வேல்விழி

நாகர்கோவில்
2.11.2024

அன்புத் தங்கைக்கு,

சுகம். தீபாவளிக்கு லீவு இல்லை. ஹாஸ்டலில் ஆளுக்கு இரண்டு அதிரசம் கொடுத்தார்கள். என்னோடு தங்கியிருக்கும் ஜாய்ஸ் தன் பங்கையும் எனக்கே கொடுத்தாள். பகல் தூக்கம் பரவாயில்லை. கணக்கில் எண்பத்தொன்பது எதற்கு? அடுத்த தடவை தொண்ணூற்றைந்து வாங்க வேண்டும். மழைக்காலம், கொதித்த தண்ணீர் குடி.

கால் விஷயத்தில் அப்பா சொன்னபடி கேள்.

முத்துமாரி

சங்கரன்கோவில்
10.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீயும் சுகம் என்றே எழுதியிருக்கிறாய்.

ஐந்து நாளாக மழை. பட்டறையின் பின்சுவரில் தண்ணீர் இறங்கி, சுவரோரக் காலைச் சுற்றி அப்பா பூசிய சிமென்ட் விளிம்பில் முடி அளவு விரிசல் விட்டிருக்கிறது. நேற்றைய வித்தியாசம் பதினெட்டு. அந்தக் காலுக்கு அடியில் ஏதோ ஊறுகிறது. இரும்பும் சிமென்டும் ஊறாது. கரிசல் மண் ஊறும். ஆனால் பட்டறைத் தரை கான்கிரீட். கான்கிரீட்டுக்கும் காலுக்கும் நடுவில் மண் எப்படி வந்தது?

அதிரசத்தைப் பற்றி எழுதினாய், ஜாய்ஸைப் பற்றி எழுதினாய், என் மார்க்கைப் பற்றி எழுதினாய். நான் கேட்ட ஒரே கேள்விக்குப் பதில் இல்லை. ஒன்றையும் விடாதே என்று எனக்குச் சொன்னவள் நீ. அதனால் இதையும் சார்ட்டில் எழுதியிருக்கிறேன்: "2.11.2024: அக்கா பதில் சொல்லவில்லை."

வேல்விழி

சங்கரன்கோவில்
1.12.2024

அக்காவுக்கு,

உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே? மூன்று வாரமாகக் கடிதம் இல்லை. போனில் என் குரலைக் கேட்டதும் அம்மாவிடம் கொடுக்கச் சொல்லுகிறாய்.

என் சிநேகிதி அப்ரீன் பானுவின் அப்பா சேக் மைதீன் மாமா டைல்ஸ் வேலை செய்கிறவர். அவருடைய ரசமட்டத்தை ஒரு நாள் இரவல் வாங்கினோம். படுகையின் குறுக்கே சக்குப் பக்கம் வைத்தால் குமிழி நடுவில் நிற்கிறது. பின்முனையில் வைத்தால் சுவர்ப் பக்கம் நகர்ந்துவிடுகிறது. மட்டத்தைத் திருப்பி வைத்தும் பார்த்தேன். குமிழி மறுபடியும் சுவர்ப் பக்கமே போனது. உயர்ந்திருப்பது சுவரோரப் பின்கால்தான்.

அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் அந்தச் சிமென்டை உடைக்கப்போகிறேன். அப்பா வேண்டாம் என்றார், அம்மா வேண்டாம் என்கிறாள், நீ வாயே திறக்கவில்லை. நான் உடைக்கப்போகிறேன். மறைவாகச் செய்ய மாட்டேன் என்பதால் இதை எழுதுகிறேன்.

வேல்விழி

நாகர்கோவில்
12.12.2024

வேலு,

சுவரோரக் கால்தான். நீ கண்டுபிடித்தது சரி.

அதற்கு மேல் நான் எழுதக் கூடாது. கோயிலைப் பார்த்துச் சத்தியம் செய்திருக்கிறேன். காலைத் தூக்கும்போது கையை அடியில் விடாதே. யாரையும் சத்தம் போடாதே.

அக்கா

சங்கரன்கோவில்
29.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதம் உன்னை நல்லபடியாக வந்து சேரட்டும். நாங்கள் இருவரும் உடம்புக்குச் சுகம்.

நேற்று காலை பதினொன்றரைக்கு, அம்மா மார்க்கெட்டிலிருந்து வந்த பிறகே தொடங்கினேன். அவள் இல்லாத நேரத்தில் செய்திருக்கலாம். அப்படிச் செய்ய எனக்குப் பிடிக்கவில்லை. உளியோடு நான் உட்கார்ந்ததும் அம்மா வாசலில் வந்து நின்றாள். "அப்பா தொடாதன்னு சொன்னாவல்லா?" என்றாள்.

"எல்லாரும் அந்தக் காலை மட்டும் தொடாதங்காவ. அதான் தொடப் போறேன்" என்றேன்.

அம்மா அதற்குமேல் தடுக்கவில்லை, போகவும் இல்லை. நின்றுகொண்டே இருந்தாள். சிமென்ட் விளிம்பு அரை மணி நேரத்தில் உதிர்ந்தது. போல்ட் திரும்ப மறுத்தது. மண்ணெண்ணெய் விட்டு, நானும் அப்ரீனும் சேர்ந்து ஸ்பானரில் குழாயை மாட்டி அழுத்தினோம். மரை விட்டதும் லேத் 'டக்' என்று ஒரு சத்தம் போட்டது. ஆறு வருட முறுக்கு விட்ட சத்தம் அது. சேக் மைதீன் மாமாவின் லோடு ஆட்டோ ஜாக்கியை வைத்து அந்த முனையை ஒரு விரல் உயர்த்தினோம். கையை அடியில் விடவில்லை. கம்பியால்தான் இழுத்தேன்.

மஞ்சள் துணிப் பொதி ஒன்று வந்தது. அப்பளம் போலத் தட்டையாகி, கல்லாக இறுகியிருந்தது. துணியைப் பிரித்தால் உள்ளே புற்றுமண். அதற்குள் ஒரு செம்பு நாகத் தகடு, இரண்டாக மடிந்து கிடந்தது. கோயிலில் காணிக்கை போடுவதற்கு விற்பார்களே, அது.

நான் யாரையும் சத்தம் போடவில்லை. அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன், அவ்வளவுதான். அப்ரீன், தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போய்விட்டாள்.

அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "முந்தின பட்டறையில அவுக வெரலு போச்சுல்லா. புது மெஷினும் ரத்தம் கேக்கும்னு சொன்னாவ. எனக்கு அன்னைக்கு சோறு எறங்கல. கோயில்ல போயி மண்ணெடுத்துட்டு வந்தேன். அவுக கண்ணுல பட்டா எடுத்து எறிஞ்சிருவாவ. அதான் சொல்லாம வச்சேன். இந்த ஆறு வருசத்துல இந்த மெஷினு அவுகளை ஒரு கீறல் கீறிருக்கா? நீயே சொல்லு."

கீறவில்லை. அதுவும் உண்மை.

"இதை அந்த நோட்டுல எழுதிட்டியா?" என்று கேட்டாள். எழுதிவிட்டேன் என்றேன். "யாரு வச்சான்னு?" என்றாள். அது எழுதவில்லை என்றேன். பொதியை என்னிடம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

சாயங்காலம் காலின் அடியைத் துடைத்து இறக்கி, மெல்லிய தகரத் துண்டு ஒன்றை வைத்து இறுக்கிக் கடைந்தேன். வித்தியாசம் நான்கு. இன்று தகரத்தை மாற்றினேன். இரண்டு. பிறகு ஒன்று. நூறில் ஒரே ஒரு பங்கு.

நியாயமாக நான் குதித்திருக்க வேண்டும். அப்பாவுக்கு என்ன சொல்வது என்றே யோசித்துக்கொண்டிருக்கிறேன். பொங்கலுக்கு அவர் வருகிறார். சண்முகையா அண்ணாச்சியும் வருகிறார்.

லைட் அணைத்த நேரம் 6.50. அம்மா கூப்பிடவில்லை.

வேல்விழி

நாகர்கோவில்
5.1.2025

அன்புத் தங்கைக்கு,

சுகம் என்று எழுதித்தான் பழக்கம். இன்றைக்கு உண்மையிலேயே கொஞ்சம் சுகமாக இருக்கிறது.

பொதியை அம்மா கொடுத்தாள். வைத்தது என் கை. அப்பா மட்டம் பார்த்துவிட்டு, கை கழுவிச் சாப்பிடப் போன நேரம். ஜாக்கி மேல் கால் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. சின்னக் கைதான் உள்ளே போகும் என்றாள் அம்மா. யாரிடமும் சொன்னால் பலிக்காது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். அப்பா வந்து நான்கு போல்ட்டையும் இறுக்கி, அன்றைக்கே சிமென்டும் பூசிவிட்டார். மறுபடி மட்டம் பார்க்கவில்லை. அவர் பார்த்து முடித்ததை அவர் எதற்குத் திரும்பப் பார்க்கப்போகிறார்?

அப்பா கோயம்புத்தூர் பஸ் ஏறினபோது எனக்கு ஒன்றும் தெரியாது, வேலு. உன் அக்டோபர் மாதக் கடிதத்தைப் படித்தபோதுதான், என் கை என்ன செய்தது என்று தெரிந்தது. அன்றைக்கு டூட்டியில் ஒரு பாட்டில் உடைத்தேன்.

அம்மா சொன்னதை நீ எழுதிவிட்டதால் என் சத்தியம் தீர்ந்ததாக எடுத்துக்கொள்கிறேன். அப்பாவிடம் சொல் என்றோ சொல்லாதே என்றோ உன்னிடம் கேட்க மாட்டேன். உண்மையை எழுதுவேன் என்று ஆரம்பித்தவள் நீ.

அக்கா

சங்கரன்கோவில்
15.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பொங்கல் நல்லபடியாகப் பொங்கியது. உனக்கென்று எடுத்து வைத்த கரும்பை அப்பா தின்றுவிட்டார். எல்லோரும் சுகம். இனி நேற்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்குச் சண்முகையா அண்ணாச்சி வண்டியோடு வந்துவிட்டார். அவரோடு இரண்டு பேர், சங்கிலி, உருட்டுக் கட்டைகள். நான் பட்டறை வாசலில் நின்றுகொண்டேன். "பத்து நிமிசம் இருங்க அண்ணாச்சி. ஒரு வெட்டு எடுத்துக் காட்டுதேன்" என்றேன். நல்ல நாளும் அதுவுமாக எதற்கு வம்பு என்று அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா, காட்டட்டும் என்றார்.

கொண்டை முடிந்தேன். கம்பியைப் பிடித்தேன். சக் சாவியைக் கழற்றி, எல்லோருக்கும் தெரியும்படி மேஜை மேல் வைத்தேன். ஒரு சாண் நீளம், மெல்லிய வெட்டு. சுருள் இறங்கும் சத்தம் மட்டும்.

அப்பா தடிப்பு அளக்கும் மைக்ரோமீட்டரை எடுத்து ஐந்து இடத்தில் வைத்துப் பார்த்தார். முதலிலிருந்து மறுபடியும் பார்த்தார். பிறகு அதைச் சண்முகையா அண்ணாச்சியிடம் நீட்டினார். அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வெளிச்சத்துக்குத் திரும்பி நின்று வெகுநேரம் பார்த்தார். "அதே மெஷினுதானா?" என்றார்.

"மெஷினும் அதுதான், ராசியும் அதுதான் அண்ணாச்சி" என்றேன்.

அப்பா, கோளாறு எதில் இருந்தது என்று கேட்டார். நான் நோட்டைக் கொடுத்தேன். அவர் நின்றபடியே செப்டம்பரிலிருந்து படித்தார். மழை நாட்களைப் படித்தார். ஆயுத பூஜைப் பூவைப் படித்தார். "அக்கா பதில் சொல்லவில்லை" என்ற இடத்தில் என்னை ஒரு தடவை பார்த்தார். 28.12 வந்ததும் விரல் நின்றது. "சுவரோரக் காலின் கீழிருந்த பொதி அகற்றப்பட்டது" என்று நான் எழுதியிருந்தேன்.

"நான் லெவல் பாத்து இறுக்கின காலுக்குக் கீழ பொதி எப்படி வரும்? யாரு வச்சா?"

கேட்டால் சொல்வது என்று முடிவு செய்திருந்தேன். வாயைத் திறந்தும்விட்டேன். அதற்குள் வாசலிலிருந்து அம்மா, "நாந்தான் வச்சேன்" என்றாள். ஆறு வருடத்தில் அவள் பூஜை நாள் தவிரப் பட்டறைக்குள் காலெடுத்து வைத்து நான் பார்த்ததில்லை. நேராக உள்ளே வந்தாள். "பெரியவ கையால வைக்கச் சொன்னது நான். அவளை ஏசிராதிய. உங்களுக்கு இன்னொரு வெரலும் போயிரக் கூடாதுன்னு வச்சேன்."

அப்பா கேட்டார், "ஆறு வருசம் ஆச்சே, தெரியுமா உனக்கு?"

"தெரியும். ஆறு வருசமும் உங்களுக்கு இதுல ஒரு கீறல் படல."

சண்முகையா அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். அப்பாவின் முகம் எப்படி இருந்தது என்று எழுத முயன்றேன். வரவில்லை. கோபம் இருந்தது. அது மட்டும் இல்லை. அவர் வலது கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றினார். மெதுவாக முழங்கை வரை சுருட்டினார். மணிக்கட்டிலிருந்து மேலே ஒரு நீளத் தழும்பு, இரண்டு பக்கமும் தையல் புள்ளிகள்.

"கோயம்புத்தூர்ல பட்டுது. போன ஏப்ரல்ல" என்றார்.

முழுக்கைச் சட்டையைப் பற்றி ஜூலையில் எழுதினேனே, அக்கா. எழுதினேனே தவிர, எதற்கென்று கேட்கவில்லை.

அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழவில்லை, திட்டினாள். நான் இங்கே எழுத முடியாத அளவுக்குத் திட்டினாள். அப்பா தலையைக் குனிந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். முடிந்ததும் சண்முகையா அண்ணாச்சியிடம், "அண்ணாச்சி, வண்டியத் திருப்பிக்கிடுங்க" என்றார். அண்ணாச்சி போகும்போது, தன் கடையில் ஒரு பழைய பம்பு ஷாப்ட் கிடப்பதாகவும், கொண்டுவந்தால் கடைந்து தர முடியுமா என்றும் கேட்டார். அப்பாவிடம் இல்லை, என்னிடம்.

அப்பா இந்த மாதக் கடைசியில் கோயம்புத்தூரில் சொல்லிவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். வரும் ஞாயிறு உன்னோடு பேசுவாராம். ஸ்பீக்கரில் போடாமல். எனக்குத் தெரிந்தவரை அவருக்கு உன்மேல் கோபம் இல்லை. இருக்கிறதென்றால் அவரே சொல்வார். இனி இந்த வீட்டில் யாரும் எதையும் அடியில் வைக்க முடியாது.

அம்மா வீட்டுக்குள் போய் அந்தப் பொதியைப் புது மஞ்சள் துணியில் கட்டி எடுத்து வந்தாள். எங்கே வைக்கப்போகிறாளோ என்று எனக்குப் பயமாகவே இருந்தது. அப்பா அதை வாங்கி, சுவிட்ச் போர்டுக்கு மேலே உள்ள பலகையில் மைக்ரோமீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். "இங்கன இருக்கட்டும். காலுக்குக் கீழ எதுவும் வேண்டாம்" என்றார். பிறகு எனக்கு நம்பிக்கை இல்லாததுபோல் அவரே இன்னொரு வெட்டு எடுத்தார், அதற்குப் பிறகு இன்னொன்று. அம்மா கூப்பிடாமல், அங்கேயே எண்ணெய்ப் பீப்பாயின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

சார்ட்டின் கடைசி வரியை உனக்காக இங்கே எடுத்து எழுதுகிறேன்.

14.1.2025. மழை இல்லை. வித்தியாசம்: நூறில் ஒன்று. பட்டறையில் இருந்தவர்கள்: அப்பா, அம்மா, நான். மாலை 7.40க்கு விளக்குகள் அணைக்கப்பட்டன. அணைத்தது அம்மா.